75 சென்ட்டில் இருந்து அரை விநாடி வரை: தூரத்து சர்வரைக் கண்காணித்த கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்னக் கேள்வியில இருந்து கிளம்புது. உங்ககிட்ட ஒரு சர்வர் இருக்கு. அது வேற ஏதோ கண்டத்துல, நீங்க கண்ணால பார்க்காத ஒரு டேட்டா சென்டர்ல ஓடுது. அது உயிரோட இருக்கா, டிஸ்க் நிரம்புதா, சிபியூ மூச்சு வாங்குதான்னு உங்களுக்குத் தெரியணும். தெரியணும்னா அந்த மெஷின்ல எங்கேயோ ஒரு வாசலைத் திறந்து வைக்கணும். அந்த வாசல் வழியா நீங்க மட்டும்தான் எட்டிப் பார்ப்பீங்கன்னு என்ன உத்தரவாதம்?

எந்த டூல் போடலாம்னு கேட்டா ஒரு லிஸ்ட் கொடுத்துட்டுப் போயிடலாம். ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு டூலும் ஏதோ ஒரு அடி வாங்கினதுக்கு அப்புறம் உருவானது. அந்த அடிகளோட வரலாறுதான் இன்னைக்கு.

குரல் கொடுத்தா எதிர்க்குரல்

1983 டிசம்பர். அமெரிக்க ராணுவத்தோட பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரியில வேலை பார்த்த மைக் மூஸ், நெட்வொர்க்ல ஏதோ கோளாறுன்னு தேடப்போய், ஒரே ராத்திரியில ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அதுதான் பிங். நீர்மூழ்கிக் கப்பல்ல சோனார் எழுப்பற சத்தத்தை நினைச்சு வெச்ச பேர். சத்தம் போனா எதிரொலி வரணும். வரலைன்னா அந்தப் பக்கம் ஆள் இல்ல.

ரொம்ப லேசான முறை. ஆனா பிங்குக்குப் பதில் சொல்றது கெர்னல். டேட்டாபேஸ் செத்து, வெப்சைட் படுத்து, டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தாலும் கெர்னல் பாட்டுக்கு "இருக்கேன்"னு பதில் சொல்லிட்டே இருக்கும். வாசல்ல நின்னு குரல் கொடுத்தா ஆள் இருக்கறது தெரியும். உடம்பு எப்படி இருக்குன்னு தெரியாது. அதுக்கு உள்ளே போகணும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

75 சென்ட் கணக்கு உதைச்சப்போ

1986. கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி லேப். வானியல் படிச்சுட்டு கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்த க்ளிஃப் ஸ்டோல்கிட்ட ஒரு கணக்கைக் கொடுத்தாங்க. கம்ப்யூட்டர் நேரத்துக்குக் காசு வசூலிச்ச காலம் அது. கணக்குல 75 சென்ட் இடிச்சது. யாரோ காசு கட்டாம சில விநாடி மெஷினைப் பயன்படுத்தியிருக்காங்க.

வேற யாராவதா இருந்தா தள்ளுபடி எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. ஸ்டோல் விடல. யாரோ வெளியாள் உள்ளே புகுந்திருக்கான்னு புரிஞ்சது. இப்போ அவனைக் கண்காணிக்கணும். அதே மெஷின்ல ஒரு கண்காணிப்பு புரோகிராமை ஓட விட்டிருந்தா, உள்ளே சூப்பர் யூசரா உட்கார்ந்திருக்கறவன் அதைப் பார்த்துடுவான். அதனால ஒரு வார இறுதியில ஆபீஸ்ல இருந்த பிரின்டர், டெர்மினல் எல்லாத்தையும் இரவல் வாங்கிட்டு வந்து, வெளியில இருந்து உள்ளே வர்ற சுமார் 50 லைன்ல மாட்டி விட்டார். உள்ளே வந்தவன் அடிச்ச ஒவ்வொரு எழுத்தும் பேப்பர்ல விழுந்தது. மெஷினுக்கு இது தெரியவே தெரியாது.

கடைசியில தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போச்சு. மார்கஸ் ஹெஸ்ங்கற அந்த ஆள், திருடின தகவலை சோவியத் உளவுத்துறை கேஜிபிக்கு வித்துட்டு இருந்த கும்பல்ல ஒருத்தன்.

இந்தக் கதையை துப்பறியும் கதையாத்தான் நிறைய பேர் சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் படறது அந்த பிரின்டர்கள்தான். கண்காணிக்கறவன் மெஷினுக்கு வெளியே நின்னான். பார்த்தான், தொடல. மெஷின் மொத்தமா எதிரி கையில போனாலும் பதிவு பத்திரமா இருந்தது. இன்னைக்கு லாக் எல்லாத்தையும் உடனுக்குடன் வேற சர்வருக்கு அனுப்பிடணும்னு சொல்றோமே, அதோட தாத்தா இதுதான்.

கடவுச்சொல்: பப்ளிக்

1988-ல ரெண்டு விஷயம் நடந்தது. ஆகஸ்ட்ல எஸ்என்எம்பி வந்தது. ரவுட்டரா இருந்தாலும் சர்வரா இருந்தாலும் ஒரே மொழியில கேள்வி கேட்டு எண்களை வாங்கற முறை. யுடிபி, போர்ட் 161. சின்ன பாக்கெட், சின்ன பதில். 1995-ல டோபியாஸ் ஓட்டிகர் எழுதின எம்ஆர்டிஜி இதைப் பயன்படுத்தித்தான், 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்களை வாங்கி வெப் பேஜ்ல கிராஃப் போட்டுக் காட்டுச்சு.

ஆனா பாதுகாப்பு? "கம்யூனிட்டி ஸ்ட்ரிங்"னு ஒரு சொல். அது நெட்வொர்க்ல அப்படியே திறந்த எழுத்தா போகும். நிறைய கருவிகள்ல படிக்கறதுக்கான சொல் "பப்ளிக்", மாத்தறதுக்கான சொல் "பிரைவேட்"னு தொழிற்சாலையிலயே போட்டு வந்துச்சு. வாங்கினவங்க பல பேர் மாத்தவே இல்ல. எஸ்என்எம்பிக்கு "செக்யூரிட்டி நாட் மை பிராப்ளம்"னு விரிவு சொல்லி அட்மின்கள் சிரிச்சுக்குவாங்க.

அதே வருஷம் நவம்பர் 2-ம் தேதி மாரிஸ் வார்ம் கிளம்பிச்சு. சுமார் 6,000 மெஷின்னு அப்போ ஒரு மதிப்பீடு. அது நுழைஞ்ச வழிகள்ல ஒண்ணு, பாஸ்வேர்டே கேட்காம ஒரு மெஷினை இன்னொரு மெஷின் நம்பற ஆர்எஸ்ஹெச். "பக்கத்து வீட்டுக்காரங்கதானே"ன்னு கதவைத் திறந்து வெச்ச காலம் அதோட முடிஞ்சிருக்கணும். முடியல. டெல்நெட்டும் ஆர்எஸ்ஹெச்சும் இன்னும் பல வருஷம் ஓடிச்சு.

எஸ்என்எம்பி பக்கம் பெரிய அடி 2002 பிப்ரவரியில விழுந்தது. ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகக் குழு, வேணும்னே கோணலா செஞ்ச பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்த்தப்போ, ஏகப்பட்ட கம்பெனிகளோட கருவிகள் தடுமாறின. பாஸ்வேர்டு சரியா தப்பான்னு பார்க்கறதுக்கு முன்னாடியே, பாக்கெட்டைப் படிக்கற கோட்லயே ஓட்டை. அந்த வருஷ டிசம்பர்லதான் மறையாக்கமும் அடையாளச் சரிபார்ப்பும் இருக்கற மூணாவது வெர்ஷன் முழுத் தரநிலை ஆச்சு.

ஹெல்சிங்கியில ஒரு ஒட்டுக்கேட்பு

1995. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிட்டாங்க. அங்கே இருந்த டாட்டு இலோனென் இதுக்கு ஒரு மாற்று எழுத உட்கார்ந்தார். அதுதான் எஸ்எஸ்ஹெச். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவுல 22 காலியா இருந்தது. கேட்டார், கொடுத்துட்டாங்க. ஜூலையில இலவசமா வெளியிட்டார். 1999 டிசம்பர்ல ஓபன்பிஎஸ்டி குழு ஓபன்எஸ்எஸ்ஹெச்சைக் கொண்டுவந்தது.

கண்காணிப்புக்கும் இதையே பயன்படுத்தலாமே? பயன்படுத்தினாங்க. 1999-ல ஈதன் கால்ஸ்டாட் நெட்செயின்ட்ங்கற பேர்ல ஆரம்பிச்சது பின்னாடி நேகியோஸ் ஆச்சு. அதுல தூரத்து சர்வரைப் பார்க்க ரெண்டு வழி பிரபலம். ஒண்ணு, எஸ்எஸ்ஹெச் வழியா உள்ளே போய் ஒரு கமாண்டை ஓட்டறது. பத்திரம்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் சாவி பரிமாற்றம், லாகின், புதுசா ஒரு ப்ராசஸ். 500 சர்வர்ல 20 செக்னா, 10,000 லாகின். கண்காணிக்கற மெஷினுக்கே சிபியூ மூச்சு முட்டும்.

இன்னொண்ணு, என்ஆர்பிஇ. சர்வர்ல ஒரு சின்ன ஏஜென்ட் காத்துட்டு இருக்கும். முன்கூட்டியே எழுதி வெச்ச கமாண்டுகளை மட்டும் ஓட்டும். லேசானது. ஆனா கமாண்டோட சேர்த்து ஆர்க்யுமென்ட்டும் வெளியில இருந்து அனுப்பணும்னா ஒரு செட்டிங்கை ஆன் பண்ணணும். அந்த செட்டிங்கோட பேரே "டோன்ட் ப்ளேம் என்ஆர்பிஇ". அதாவது, அப்புறம் என்னைக் குறை சொல்லாதே. எழுதினவங்களே கையெழுத்து வாங்கிட்டு சாவி கொடுக்கற மாதிரி.

யார் யாரைக் கூப்பிடணும்?

2012-ல பெர்லின்ல சவுண்ட்கிளவுட் கம்பெனிக்குள்ள பிறந்தது ப்ரோமீதியஸ். இது கமாண்ட் எதையும் ஓட்டாது. ஒவ்வொரு சர்வரும் தன் எண்களை ஒரு பக்கத்துல எழுதி ஒட்டி வைக்கும். ப்ரோமீதியஸ் வந்து படிச்சுட்டுப் போகும். வாசல்ல ஒட்டின நோட்டீஸ் மாதிரி. படிக்கலாம், உள்ளே எதையும் மாத்த முடியாது. பதில் வரலைன்னா சர்வர்ல ஏதோ பிரச்சினைன்னு உடனே தெரியும்.

குறை என்னன்னா, அந்த நோட்டீஸை தெருவுல போறவனும் படிக்கலாம். நோட் எக்ஸ்போர்ட்டரோட போர்ட் 9100-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து வெச்சா, கெர்னல் வெர்ஷன்ல இருந்து டிஸ்க் விவரம் வரைக்கும் ஊருக்கே தெரியும். அதுலயே டிஎல்எஸ் வசதி வந்தது 2020-ல, அதுவும் சோதனை நிலையில. அதே 2020 மார்ச்ல வயர்கார்ட் லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள்ள வந்தது. சரியான சாவி இல்லாம தட்டினா அது பதிலே சொல்லாது. அந்த இடத்துல கதவு இருக்கறதே தெரியாது.

இதுக்கு மாற்று, சர்வரே வெளியே போய் எண்களைக் கொடுத்துட்டு வர்றது. உள்ளே வர்ற வாசலே வேண்டாம். ஆனா எண் வரலைன்னா சர்வர் செத்துச்சா, ஏஜென்ட் செத்துச்சா, வேணும்னே அணைச்சாங்களான்னு மையத்துல இருக்கறவன்தான் யோசிக்கணும்.

வேலி பயிரை மேய்ஞ்ச வருஷம்

2020 நவம்பர். ஃபயர்ஐங்கற பாதுகாப்பு நிறுவனத்துல, ஒரு ஊழியர் பேர்ல ரெண்டாவதா ஒரு ஃபோன் பதிவாகியிருந்தது கண்ணுல பட்டது. நூலைப் பிடிச்சுட்டுப் போனா, அது சோலார்விண்ட்ஸ் ஓரியன்ல போய் நின்னது. ஓரியன் என்ன சாஃப்ட்வேர்? நெட்வொர்க்கையும் சர்வரையும் கண்காணிக்கற சாஃப்ட்வேர். அதோட அதிகாரபூர்வ அப்டேட்லயே, முறையான கையெழுத்தோட, பின்கதவை வெச்சு அனுப்பியிருக்காங்க. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரைக்கும் அந்த அப்டேட் போயிருக்கலாம்னு கம்பெனியே சொன்னது. அமெரிக்க நிதித்துறையும் பாதிக்கப்பட்டது.

ஏன் ஓரியன்? எல்லா மெஷினையும் தொட அனுமதி இருக்கற ஒரே மெஷின், கண்காணிக்கற மெஷின்தான். அத்தனை வீட்டுச் சாவியும் வாட்ச்மேன் இடுப்புல தொங்கினா, திருடன் வீடு வீடா எதுக்கு அலையணும்?

அரை விநாடி

2024 மார்ச். போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், வேற ஏதோ வேகத்தை அளந்துட்டு இருக்கும்போது, எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி கூடுதலா எடுக்கறதை கவனிச்சார். தோண்டினா, எக்ஸ்இசட்ங்கற கம்ப்ரஷன் நூலகத்துல பின்கதவு. ரெண்டு வருஷத்துக்கும் மேல நல்ல பிள்ளையா வேலை செஞ்சு நம்பிக்கை சம்பாதிச்ச ஒரு பங்களிப்பாளர் பேர்ல வந்தது.

எஸ்எஸ்ஹெச்சுக்கும் கம்ப்ரஷனுக்கும் என்ன சம்பந்தம்? ஓபன்எஸ்எஸ்ஹெச்ல நேரடியா ஒண்ணும் இல்ல. சில லினக்ஸ் விநியோகங்கள், "நான் கிளம்பிட்டேன், தயார்"னு எஸ்எஸ்ஹெச் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்றதுக்காக ஒரு நூலகத்தைச் சேர்த்தாங்க. அது இன்னொரு நூலகத்தை இழுத்துட்டு வந்தது. ஒரு நிலவரச் செய்திக்காகத் திறந்த ஜன்னல். அதுக்கப்புறம் ஓபன்எஸ்எஸ்ஹெச் குழு, அந்த ஒரு செய்தியை அனுப்ப எந்த நூலகமும் தேவைப்படாத மாதிரி தாங்களே கோட் எழுதிட்டாங்க.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கறது?

ரெண்டு மூணு சர்வர்தான்னா எஸ்எஸ்ஹெச்சே போதும். கண்காணிப்புக்குன்னு தனி யூசர், தனி சாவி. அந்தச் சாவி ஒரே ஒரு கமாண்டை மட்டும் ஓட்டற மாதிரி கட்டிப் போடுங்க. ஒரே இணைப்பைத் திறந்து வெச்சுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினா லாகின் செலவும் குறையும். பத்து, நூறுன்னு போனா, படிக்க மட்டும் முடியற எக்ஸ்போர்ட்டர். அதை பொது முகவரியில வைக்காம வயர்கார்ட் முகவரியில மட்டும் வைங்க. நெட்வொர்க் கருவிகளுக்கு எஸ்என்எம்பிதான் வழின்னா மூணாவது வெர்ஷன், மறையாக்கத்தோட.

எதைப் போட்டாலும் ஒரு கேள்வி கேட்டுக்கங்க: நாளைக்கு என் கண்காணிப்பு சர்வரே எதிரி கையில போனா, அதை வெச்சு அவன் என்னென்ன பண்ண முடியும்? "என் கிராஃப் எல்லாத்தையும் பார்க்கலாம், அவ்வளவுதான்"ங்கறது நல்ல பதில். "எல்லா சர்வர்லயும் ரூட்"ங்கறது உங்க பதில்னா, இந்த வார இறுதிக்கு உங்களுக்கு வேலை இருக்கு.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. 75 சென்ட், ரெண்டாவது ஃபோன், அரை விநாடி. மூணையும் பிடிச்சது, கணக்கு இடிக்கும்போது "சரி விடு"ன்னு சொல்லாத மனுஷங்க. டேஷ்போர்டு நமக்கு எண்ணைக் காட்டும். அந்த எண் நேத்து இப்படி இல்லையேன்னு தோணணும்னா, நேத்தும் அதைப் பார்த்திருக்கணும்.