ஸ்டாலின்கிராட்: 2 மாதத்தில் 490 விமானங்களை இழந்த ஜெர்மனி... என்ன நடந்தது?

போர்னாலே சண்டை விமானங்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அரிசி, பருப்பு மாதிரி சாப்பாட்டுச் சாமானையும் குண்டுகளையும் சுமந்து போகும் சரக்கு விமானங்கள் விழுந்தால், கீழே இருக்கும் படையே பட்டினி கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் அதுதான் நடந்தது.

சிக்கிக்கொண்டது யார்?

1942 நவம்பர் 23-ம் தேதி, ஸ்டாலின்கிராட் நகரில் ஜெர்மனியின் 6-வது படையை சோவியத் படைகள் முழுமையாகச் சுற்றி வளைத்தன. உள்ளே சிக்கியவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். 'விமானத்திலேயே எல்லாம் அனுப்பிடலாம்' என்று ஹிட்லருக்கு வாக்குக் கொடுத்தார் விமானப்படைத் தலைவர் கோரிங். களத்தில் இருந்த தளபதி ரிக்தோஃபன், இது முடியாத காரியம் என்று எதிர்த்தும் பலனில்லை.

கணக்கு எங்கே இடித்தது?

உயிர் பிழைக்கவே தினமும் குறைந்தது 300 டன் தேவை. யுங்கர்ஸ் 52 விமானம் ஒரு நடைக்கு சுமார் 2 டன்தான் சுமக்கும். அப்படியென்றால் தினமும் 150 விமானங்கள் இறங்க வேண்டும். ஆனா கடும் குளிரில் என்ஜின்கள் ஸ்டார்ட் ஆகவில்லை. கையில் இருந்ததில் பாதி விமானங்கள்கூட பறக்கும் நிலையில் இல்லை. கடைசியில் போய்ச் சேர்ந்தது சராசரியாக நாளுக்கு 100 டன்னை ஒட்டித்தான்.

டிசம்பர் 24: ஓடுதளத்தில் டாங்கிகள்

சரக்கு ஏற்றும் முக்கியத் தளமான தட்சின்ஸ்காயாவை சோவியத் டாங்கிகள் அதிகாலையில் தாக்கின. குண்டு விழும்வரை தளத்தைக் காலி செய்யக் கூடாது என்பது கோரிங்கின் உத்தரவு. அதனால் பனிமூட்டத்தில், டாங்கிகள் சுடச் சுட விமானங்கள் கிளம்பின. சில ஒன்றோடொன்று மோதின. 124 விமானங்கள் தப்பின, சுமார் 70 விமானங்கள் அங்கேயே நொறுங்கின. தப்பியவை அதைவிட தூரமான சால்ஸ்க் தளத்துக்கு மாறின. ஜனவரி 16-ம் தேதி, வளையத்துக்குள் இருந்த பிடோம்னிக் விமானதளமும் கைவிட்டுப் போனது.

மொத்த இழப்பு எவ்வளவு?

* யுங்கர்ஸ் 52: 266
* ஹைங்கல் 111 (சரக்கு ஏற்றிய குண்டுவீச்சு விமானம்): 165
* மற்ற ரகங்கள் சேர்த்து மொத்தம்: சுமார் 490

திரும்பி வரும்போது சுமார் 25 ஆயிரம் காயமடைந்த வீரர்களை இவை ஏற்றி வந்தன என்பதும் உண்மை. மீதிப் பேரை மீட்க முடியவில்லை. 1943 பிப்ரவரி 2-ம் தேதி கடைசிப் படையும் சரணடைந்தது. கைதான சுமார் 91 ஆயிரம் பேரில் வீடு திரும்பியவர்கள் 6 ஆயிரம் பேர் கூட இல்லை.

விமானம் போனால் வேறு செய்யலாமே?

செய்யலாம். ஆனா இங்கே பறந்தவர்களில் பலர், பயிற்சிப் பள்ளிகளில் இருந்து அவசரமாகக் கூட்டி வரப்பட்ட ஆசிரியர்கள். அவர்கள் இறந்ததால், அடுத்த விமானிகளுக்குச் சொல்லித்தர ஆள் குறைந்தது. போர் முடியும்வரை ஜெர்மன் விமானப்படை அந்தக் குறையிலிருந்து மீளவே இல்லை.