பரங்கிக்காய்: வீட்டு விதையும் ஆயிரம் கிலோ காயும்

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூரை ஒட்டியுள்ள ஊர் மேனாம்பேடு. ஆயுத பூசை நாளில் இந்தப் பகுதியின் பட்டறை வாசல்களில் குங்குமம் தடவி, உள்ளே சில்லறைக் காசு போட்டு, கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைக்கப்படுவது வெள்ளைப் பூசணி. அதே வாரத்தில் அருகிலுள்ள காய்கறிக் கடையில் பத்தை போட்டு விற்கப்படுவது மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய். பேச்சில் இரண்டுமே பூசணிதான். ஆனால் தாவரவியலில் இவை வெவ்வேறு பேரினங்கள். வெள்ளைப் பூசணி ஆசியாவின் பழைய பயிர். பரங்கியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள்.

பெயரும் வருகையும்

பரங்கி இனங்களை மனிதன் பயிரிடத் தொடங்கியது மிகப் பழைய காலத்தில். மெக்சிகோவின் ஒவாகாக்கா பகுதியில் உள்ள கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் பழையவை. அங்கே மக்காச்சோளம் பயிராவதற்கு முன்பே பூசணி பயிராகிவிட்டது. தென் அமெரிக்காவில் தனியாக உருவான ஓர் இனம் 'குக்குர்பிட்டா மாக்சிமா'. உலகின் மிகப் பெரிய காய்கள் அனைத்தும் இந்த இனத்தவை. நம் ஊரில் பரவலாக விளைவது அதன் உறவான 'குக்குர்பிட்டா மொஸ்காட்டா'.

மிளகாய், அன்னாசி, முந்திரி ஆகியவற்றைப் போலவே பரங்கியும் 16ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரே இந்தியாவில் பரவியது. அந்த வரலாறு பெயரிலேயே இருக்கிறது. மேற்கு ஐரோப்பியரைக் குறித்த 'பிராங்கு' என்ற சொல் அரபு, பாரசீக மொழிகளின் வழியாக 'பரங்கி' ஆகி, தமிழகத்தில் முதலில் போர்த்துகீசியரைக் குறித்தது. அவர்கள் 1523இல் மலைமீது தேவாலயம் கட்டிய இடம் பரங்கிமலை. மேனாம்பேட்டிலிருந்து சில மைல் தெற்கே இருக்கும் மலைக்கும், சமையலறையில் இருக்கும் காய்க்கும் ஒரே அடைமொழி அமைந்தது இப்படித்தான். கொங்கு நாட்டில் இதே காய் அரசாணிக்காய். யாழ்ப்பாணத்தில் இதுவே பூசணிக்காய்; அங்கே வெள்ளைப் பூசணிக்கு நீற்றுப்பூசணி என்று பெயர். திருநெல்வேலிப் பக்கம் வெள்ளைப் பூசணியைத் தடியங்காய் என்பார்கள்.

வந்தேறிய கொடி வெகு விரைவில் வீட்டுக்குரியதாகிவிட்டது. மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் பூவாகவும், திருவாதிரைக் கூட்டிலும் பொங்கல் குழம்பிலும் தவறாத காயாகவும் அது இடம்பெற்றது. கோலத்துக்குப் பறிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் பூ. பரங்கிக் கொடியில் ஆண் பூக்களே மிகுதி என்பதால், அளவோடு பறித்தால் காய்ப்பு குறைவதில்லை.

விதை காத்த முறை

ஆடிப் பட்டத்திலும் தைப் பட்டத்திலும் குழி எடுத்து, மக்கிய எருவிட்டு ஊன்றும் கொடி இது. தோட்டம் இல்லாத வீட்டில் வேலியிலோ ஓலைக் கூரையிலோ ஏற்றிவிடுவார்கள். விதைக்கென்று ஒரு காயைப் பறிக்காமல் விட்டு, காம்பு காய்ந்து தோல் நகம் ஏறாத அளவுக்கு இறுகியபின் அறுப்பது வழக்கம். அறுத்த காயைச் சில வாரங்கள் வீட்டில் வைத்திருந்து உடைத்தால் விதை நன்கு திரண்டிருக்கும். கழுவி, சாம்பல் கலந்து, நிழலில் உலர்த்திய விதையை மண்கலயத்திலோ சுரைக்குடுக்கையிலோ போட்டு வைத்தனர். சாண வறட்டியில் விதையைப் பதித்துச் சுவரில் அப்பி வைக்கும் முறையும் இருந்தது. பூச்சி அண்டாது, விதைக்கும் நாளில் வறட்டியை உடைத்து அப்படியே ஊன்றலாம்.

பரம்பரை விதை என்று பேசும்போது பலரும் மறக்கும் ஒரு செய்தி உண்டு. நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை கொண்டது. எனவே ஒரு குடும்பம் தனியாகவே ஒரு நெல் இரகத்தைத் தலைமுறைகளுக்குக் காத்துவிட முடியும். பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தேனீ அடுத்த தெருக் கொடியிலிருந்தும் மகரந்தம் கொண்டுவரும். இதனால்தான் சான்று விதை உற்பத்திக்கு 500 மீட்டரும், ஆதார விதைக்கு 1000 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்று விதைச் சான்று விதிகள் கேட்கின்றன. எந்தக் கிராமத்து வீட்டுக் கொல்லைக்கு இது கட்டுப்படியாகும்? ஆகவே 'எங்கள் வீட்டு விதை' என்று சொல்லப்பட்டது உண்மையில் ஊர் விதை. ஊர் முழுவதும் ஒத்த காயை விதைக்கு விட்டதால்தான் அந்த இரகம் நிலைத்தது. ஊர் கலைந்தால் விதையும் கலைந்துவிடும்.

வின்ட்சர் பண்ணை

குடும்ப விதையிலிருந்து பெருங்காய் பிறந்த கதை கனடாவில் நடந்தது. ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் 365 பவுண்டு (சுமார் 165 கிலோ) பூசணியை வைத்தார். 1904இல் செயின்ட் லூயி கண்காட்சியில் அவருடைய காய் 403 பவுண்டு. அந்த எடையை 1976 வரை யாராலும் தாண்ட முடியவில்லை.

நோவா ஸ்கோசியாவின் வின்ட்சர் ஊரில் பால்பண்ணை நடத்திய ஹாவர்ட் டில் தம் தந்தை வளர்த்த 'மாமத்' பூசணி விதையிலிருந்து தொடங்கினார். பல்கலைக்கழகப் பயிற்சி எதுவும் இல்லாமல், ஆண்டுதோறும் சிறந்த காய்களைத் தேர்ந்து, கையால் மகரந்தம் சேர்த்து அவர் உருவாக்கிய இரகம் 'அட்லாண்டிக் ஜயன்ட்'. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகப் பட்டம் அவருடையது. 1981இல் அவருடைய காய் 493.5 பவுண்டு (சுமார் 224 கிலோ). டில் 2008இல் மறைந்தார். அதன்பின் வந்த உலகச் சாதனைகள் யாவும் அவருடைய விதை வழியில் வந்தவை. 1996இல் ஆயிரம் பவுண்டு தாண்டப்பட்டது. 2014இல் சுவிட்சர்லாந்தின் பெனி மையர் ஆயிரம் கிலோவைத் தாண்டினார். 2023இல் அமெரிக்காவின் டிராவிஸ் கிஞ்சர் 1,247 கிலோ. 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டையர் 1,278.8 கிலோ.

போட்டியாளர்கள் ஒவ்வொரு விதைக்கும் தாய்க்காயின் எடை, வளர்த்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிடுகிறார்கள். மகரந்தம் தந்த கொடியும் பதிவாகிறது. நம் ஊர்க் கலயத்தில் இல்லாதது இந்தக் குறிப்புதான். சுவையைப் பொறுத்தவரை பொறாமைப்பட ஒன்றுமில்லை. அந்தக் காய்கள் நீர்த்தன்மை மிக்கவை, கூட்டுக்கு ஆகாதவை.

சென்னை வெயிலில்

அத்தகைய விதையை அம்பத்தூரில் ஊன்றினால் அந்த எடை வராது. நோவா ஸ்கோசியாவில் சூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். சென்னையில் 13 மணிக்கும் குறைவு. இரவு வெப்பத்தில், பகலில் சேர்த்த சர்க்கரையின் பெரும்பகுதி செடியின் சுவாசத்திலேயே செலவாகிவிடும். கடும் வெயிலில் பெண் பூ குறைந்து ஆண் பூ பெருகும். இதற்காகவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இளங்கொடியில் எத்ரல் தெளிக்கப் பரிந்துரைக்கிறது.

இங்கே இனப்பெருக்கம் போன திசையும் வேறு. அப்பல்கலைக்கழகத்தின் கோ 1 பூசணி 7 முதல் 8 கிலோ எடையுள்ளது. 175 நாளுக்கு மேல் வயலில் நிற்கும். அடுத்து வந்த கோ 2 ஒன்றரை முதல் 2 கிலோதான். 135 நாளில் முடிந்துவிடும். சிறு குடும்பமும் சிறு பையும் கேட்ட காய் அது. சந்தை அதைத்தான் விரும்பியது.

கூரை இழந்த கொடி

1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியபின் சுற்றியிருந்த ஏரிப்பாசன ஊர்கள் படிப்படியாக மனைகளாயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. ஓலைக் கூரை போய்க் கான்கிரீட் தளம் வந்தது. எந்தச் சட்டமும் பரங்கியைத் தடுக்கவில்லை. படர இடமில்லாமல் போனது, அவ்வளவே. சட்டம் உண்மையில் விதை வைத்திருப்பவர் பக்கமே நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது.

மொட்டை மாடியில் ஒரே ஒரு கொடி வைத்திருப்பவரும் கலப்பில்லாத விதை எடுக்க முடியும். மறுநாள் மலரவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையில் நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் கட்டை அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். பிடித்த பிஞ்சின் காம்பில் ஒரு வண்ணத் துணியை முடிந்துவைத்தால், வீட்டில் வேறு யாரும் அதைச் சாம்பாருக்குப் பறிக்கமாட்டார்கள்.