பின்தங்கும் பிள்ளை யாருடைய பொறுப்பு?

பாடத்தில் பின்தங்கும் பிள்ளைக்குப் பள்ளி பொறுப்பா, பெற்றோர் பொறுப்பா என்னும் வழக்கு இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. இது தொடர்பான சட்டங்களையும் குழு அறிக்கைகளையும் கால வரிசையில் படித்தால் ஒரு சாய்வு புலப்படும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையைப் பெற்றோர் மீது சுமத்தச் சட்டம் விரைந்தது. வந்த பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பிக்கும் கடமையைப் பள்ளியின் மீது எழுத அது மிகத் தாமதித்தது.

தோல்வியுறும் மாணவன் என்ற கருத்தே புதியது. 1830களில் வில்லியம் ஆடம் வங்காளம், பீகார்ப் பகுதிகளின் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி மூன்று அறிக்கைகள் எழுதினார். அத்தகைய பள்ளிகளில் இன்றைய பொருளில் ஆண்டு வகுப்பும் இல்லை, ஆண்டிறுதித் தேர்வும் இல்லை. எழுத்துக்கூட்டத் தடுமாறிய சிறுவன் இன்னும் சில மாதங்கள் எழுத்துக் கூட்டினான். முன்னேறியவன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அதைப் பொற்காலம் என்று கொண்டாடுவோர் உண்டு. பெண்பிள்ளைகள் அநேகமாக முற்றிலும் விலக்கப்பட்டிருந்த ஒரு காலத்தை அப்படி அழைப்பது கடினம். ஆயினும், மெதுவாகக் கற்பவனைத் தனியே பிரித்து முத்திரை குத்தும் ஏற்பாடு அங்கே இல்லை என்பது உண்மை.

அந்த முத்திரை மானியத்தோடு வந்தது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் அளிக்கும் முறையை நிறுவியது. பின்னர் சென்னை, பம்பாய் உள்ளிட்ட மாகாணங்களில் பரவிய ‘விளைவுக்கேற்ற ஊதியம்’ என்னும் முறையில், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம் கிடைத்தது. தேறக்கூடியவனை மேலும் தயார்செய்வதே ஆசிரியருக்கு இலாபம். தேறாதவனுக்காகச் செலவிடும் நேரம் நட்டக் கணக்கு. 1882இல் ஹண்டர் ஆணையத்தின் முன் ஜோதிராவ் ஃபுலே அளித்த மனு வேறொரு கணக்கைக் காட்டியது. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் உழைப்பிலிருந்து வருகிறது, கல்விப் பயனோ மேல்தட்டினரைச் சேர்கிறது என்று அவர் சுட்டினார். குறிப்பிட்ட வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் கோரினார்.

கட்டாயம் என்ற சொல் சட்டமானபோது அது பெற்றோரை நோக்கியே திரும்பியது. சயாஜிராவ் கெய்க்வாட் பரோடா சமஸ்தானத்தில் 1893இல் அம்ரேலி வட்டத்திலும் 1906இல் சமஸ்தானம் முழுவதிலும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தார். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1911இல் கோகலே மத்திய சட்டமன்றத்தில் முன்வைத்த மசோதாவிலும் அபராதம் உண்டு. மிக எளிய வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கட்டண விலக்கும் அதில் இருந்தது. 1912 மார்ச்சில் 13க்கு எதிராக 38 வாக்குகளால் அது தோற்கடிக்கப்பட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. உள்ளே வந்தவர் கற்றாரா என்ற கேள்வி பின்னர்தான் எழுந்தது.

அதை எழுப்பியது 1929ஆம் ஆண்டின் ஹார்டாக் குழு. முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூட உரிய காலத்தில் நான்காம் வகுப்பை எட்டவில்லை என்று அது கண்டது. பாதியில் நின்றுவிடுவதை ‘விரயம்’ என்றும், ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைத் ‘தேக்கம்’ என்றும் அழைத்தது. இச்சொற்கள் இந்தியக் கல்வித்துறையின் அகராதியில் நிலைத்துவிட்டன. தேங்குவது பிள்ளைதான் என்பது போல ஒலிப்பதே அவற்றின் குறை. ஓராசிரியர் பள்ளிகளின் பெருக்கத்தையும் ஆசிரியர் பயிற்சியின் போதாமையையும் அதே அறிக்கை பேசியது. ஆனால் புழக்கத்தில் தங்கியவை அந்த இரண்டு சொற்களே.

1964–66இல் இயங்கிய கோத்தாரி ஆணையம் இதற்கு ஒரு மாற்று வழி காட்டியது. முதல் இரண்டு வகுப்புகளையாவது ஒரே அலகாகக் கொண்டு, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் கற்க விடலாம் என்றது. தேக்கத்தின் பெரும்பகுதி முதல் வகுப்பிலேயே நிகழ்ந்ததால் இது நியாயமான யோசனை.

வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது என்பதற்குக் கண்கூடான சான்று 2000களின் தொடக்கத்தில் வதோதராவிலும் மும்பையிலும் கிடைத்தது. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம், பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைப் ‘பால்சகி’ என்ற பெயரில் நகராட்சிப் பள்ளிகளில் அமர்த்தியது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை அவர்கள் சிறு குழுவாக அழைத்துச் சென்று, பள்ளி நேரத்திலேயே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்று காட்டியது. இதற்குப் பெற்றோரின் படிப்போ பணமோ தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பள்ளி நேரத்தில் ஒதுக்கிய இரண்டு மணி நேரமும் ஓர் ஆளும்தான்.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் முதன்முறையாக இரு தரப்பின் கடமையையும் நாடு முழுமைக்குமாக எழுதியது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. அதை மீறுவதற்கு அபராதம் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சி அளிப்பதும், பெற்றோரை முறையாகச் சந்திப்பதும் ஆசிரியரின் கடமை என்கிறது 24ஆம் பிரிவு. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது 16ஆம் பிரிவு. இவற்றுள் 16ஆம் பிரிவுதான் விவாதப் பொருளாயிற்று. கூடுதல் பயிற்சி நடந்ததா என்று கேட்டவர் குறைவு; பயமில்லாததால் பிள்ளை படிப்பதில்லை என்றவர் மிகுதி. இதற்கிடையே குடும்பங்கள் தம் வழியைத் தாமே தேடிக்கொண்டன: 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தனர்.

2019இல் 16ஆம் பிரிவு திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐந்தாம் அல்லது எட்டாம் வகுப்பில் தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும்; அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம். நிறுத்தப்பட்ட பின்னர், வகுப்பாசிரியர் பிள்ளைக்கும், தேவையானால் பெற்றோருக்கும், வழிகாட்ட வேண்டும். நாட்டின் பல பகுதிகளில் ஆண்டிறுதித் தேர்வுக்குப் பின் வரும் அந்த இரண்டு மாதங்களில் பெரும்பாலான நாட்கள் கோடை விடுமுறை.