யார் மனசு புண்பட்டது?

கிறிஸ்தவத்தைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று யாராவது கொடி பிடிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே முதல் கோயிலைக் கட்டியவர் பிரெஞ்சுக்காரரான பூஷே பாதிரியார். (சில சுற்றுலாக் குறிப்புகளில் 1547 என்று போட்டிருக்கிறார்கள். மனுசன் பிறந்ததே 1655இல்!)

புதுச்சேரியில் இருந்த கப்புச்சின் சபையார், சேசுசபைக்காரர்கள் சாதிக்கு வளைந்து கொடுக்கிறார்கள் என்று புகார் சொன்னார்கள். போப்பின் தூதராக வந்த தூர்னோன் விசாரித்து 1704இல் ஆணை போட்டார். அதில் ஒரு சங்கதி முக்கியமானது: சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள்ளும் குருவானவர் போய் அவஸ்தை பூசுதல் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். அதற்கே கொந்தளிப்பு. சேரிக்குள் போன சாமியாரை மேல்சாதிக்காரன் தொடமாட்டான், வேதத்தை விட்டே போய்விடுவான் என்றார்கள். இந்த ஆணையை எதிர்த்து ரோமுக்கு வாதாடப் போனவர்களில் ஒருவர் நம்ம ஆவூர் பூஷே. நாற்பது வருசம் இழுத்தது வழக்கு. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவாகச் சொன்னபோதும், பறையருக்கென்று தனிக் குருமாரை வைத்துக்கொள்கிறோம் என்று சேசுசபையார் சமாதானம் சொல்ல, அவரும் ஏற்றுக்கொண்டார். தீண்டாமையைத் தீர்க்கச் சொன்னால் தீண்டாமைக்கே தனியாக ஒரு சாமியார்!

சாகப்போகிற ஒரு கிழவி எண்ணெய் பூசப்படாமல் கிடந்தாளே, அவள் மனசு புண்பட்டதா என்று எவனாவது கேட்டானா?

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. ஏழு வருசம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். மடத்துக்குள் சாதி எப்படிச் சோறு தின்கிறது என்று எங்க சனங்க பேசுகிற பேச்சிலேயே எழுதினார். முதலில் கோபப்பட்டது அவருடைய சொந்த ஊரே. சில மாதம் ஊருக்குள்ளேயே வரமுடியவில்லை. அப்புறம் படித்த பிள்ளைகள் வாசித்து எடுத்துச் சொல்ல, ஊர் ஏற்றுக்கொண்டது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நம்ம வீட்டுக் கந்தலை நடுத்தெருவில் விரித்தால் யாருக்கும் கூசத்தான் செய்யும். ஆனால் அவங்க கோபம் மாறியது. ஏனென்றால் எழுதியிருந்தது அவங்க கதை.

2006இல் 'டாவின்சி கோட்' படம். வெளிநாட்டு நாவலாசிரியர் ஒருவரின் கற்பனை. தணிக்கைக் குழு அனுமதித்த படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. கிறிஸ்தவ அமைப்புகள் அப்படி எதிர்த்திருந்தன. சென்னை உயர்நீதிமன்றம் அதே வருசம் தடையை ரத்துசெய்தது. இயேசுவுக்குக் கல்யாணம் ஆனதாமே என்பதற்கு அவ்வளவு ஆத்திரம். படத்தைப் பிடிக்காதவன் எதிர்த்துப் பேசட்டும், எழுதட்டும், அது அவன் உரிமை. என் கேள்வி வேறு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த கிறிஸ்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிற்கும் சுவருக்கு முன்னால் இந்த ஆத்திரம் ஏன் திரளவில்லை? அந்தச் சுவர் கற்பனை இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும்.