வாடகைப் பணம் கையில், வீடு எங்கே?

கொழும்பில் என் சாச்சியின் குடும்பம் இருந்த தோட்டத்தை மீளபிவிருத்திக்காக எடுத்தபோது, தொடர்மாடி கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்கச் சொல்லி மாதம் 15,000 ரூபா என்ற கணக்கில் பணம் கொடுத்தார்கள். 2014ஆம் ஆண்டின் கதை இது. அப்போது எனக்குப் பாடசாலை விடுமுறை. "நீங்க படிச்சிக் குடுக்கிற ஆள், மகன். நீங்க வந்து கதைச்சா வீட்டுக்காரன் தருவான்" என்று சாச்சி அழைத்தார்.

நான் கதைத்தும் தரவில்லை. மாளிகாவத்தை, தெமட்டகொடை, கிராண்ட்பாஸ் என்று பதினொரு வீடு பார்த்தோம். இரண்டு அறை வீட்டுக்கு 22,000 ரூபா கேட்டார்கள். அதைவிடப் பெரிய தடை முற்பணம். ஒரு வருட வாடகையை முன்கூட்டியே வைக்க வேண்டும். 2,64,000 ரூபா. தரகருக்கு ஒரு மாத வாடகை. உதவியாகக் கிடைத்த பணத்தை வருடத்துக்குக் கூட்டினாலும் 1,80,000தான். தரகர் கூலியையும் சேர்த்தால் துண்டுவிழும் தொகை 1,06,000 ரூபா. மச்சான் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்பவர், சம்பளப் பட்டியல் கிடையாது. வீட்டில் ஏழு பேர் என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் கதவடியிலேயே பேச்சை முடித்துவிட்டார்கள். இருவரும் எம்மவர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

எமது நாட்டில் வருமானம் குறைந்த குடும்பம் என்ற காரணத்துக்காக மாத வாடகைக்கென்று தனியாகத் தரப்படும் நிரந்தர உதவி கிடையாது. அபிவிருத்திக்காக எழுப்பப்படுபவர்களுக்கும் அனர்த்தத்தில் வீடிழந்தவர்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கே அது கிடைக்கிறது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தபோதும் இப்படித்தான். கொழும்பு நகரில் 1,499 தோட்டங்களில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கெடுப்பு சொன்னது. அந்தக் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர்கள் ஏன் இத்தனை பயப்படுகிறார்கள்? பழைய சட்டத்தின் நிழல் இன்னும் விலகவில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எழுப்புவதை மிகக் கடினமாக்கியது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது என்ற வரையறையும் அதில் இருந்தது. 1980இல் வந்த திருத்தத்துக்குப் பின் புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவை அதன் பிடிக்கு வெளியே போயின. அதோடு முற்பண வரையறையும் போயிற்று. பயம் மட்டும் போகவில்லை. "வாடகைக்குக் கொடுத்த வீடு போன வீடு" என்ற பேச்சை வாப்பாமார் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் பலர் எதையும் எழுத்தில் தர மறுக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் சற்று விவரமாகக் கதைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தின் முன் செல்லும். 1840ஆம் ஆண்டிலிருந்து வரும் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகைக் காலம் முடிந்த வீட்டைச் சுருக்கமான வழக்கு முறையில் மீளப்பெற உரிமையாளருக்கு வழி செய்திருக்கிறது. ஆகவே வீட்டுக்காரரிடம், "எழுதினால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு" என்று துணிந்து சொல்லலாம். நான் அண்மையில் ஒரு சக ஆசிரியருக்காக இப்படிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். முற்பணமும் ஆறு மாதத்துக்குக் குறைந்தது.

குடியிருப்பவருக்கு அந்தக் கடதாசி ஏன் தேவை என்பதை ஆசிரியராக நான் அறிவேன். முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் சுற்றறிக்கையில் நூற்றுக்கு 50 இடம் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. வதிவிடத்தை நிரூபிக்க முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பும், வீட்டுறுதி அல்லது பதிவு செய்யப்பட்ட குத்தகைப் பத்திரமும் கேட்கப்படுகின்றன. வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருப்பவரிடம் காட்ட எதுவும் இராது. நேர்முகப் பரீட்சையில் புள்ளி போடும் மேசையில் நானும் இருந்திருக்கிறேன். உண்மையாகவே பக்கத்துத் தெருவில் இருக்கும் உம்மா ஒருவர் தண்ணீர் பில்லும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது என்று சொல்லி அழுததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கையில் அழுகைக்குப் புள்ளி இல்லை.

எனவே தோட்டத்தை விட்டுக் கிளம்புபவர்கள் முதலில் வாக்காளர் இடாப்பின் பழைய பிரதிகளையும், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும், புதிய வீட்டுக்கான உரிமைக் கடிதத்தையும் மூன்று மூன்று பிரதி எடுத்து ஒரு பைலில் வைக்கட்டும். போகும் இடத்திலும் உடனே பதிவு செய்யட்டும்.

பணம் கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. குடும்பத்தின் தலை எண்ணிக்கையைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை கொடுப்பது நியாயமில்லை. சந்தை ஒரு வருட முற்பணம் கேட்கும்போது உதவியை ஒரு வருடத்துக்கு மொத்தமாகத் தர வேண்டும். எழுப்பப்பட்ட காலத்தைப் பழைய முகவரியிலேயே வசித்த காலமாகப் பாடசாலை அனுமதியில் கணக்கெடுக்கும்படி கல்வி அமைச்சிடம் நம் பிரதிநிதிகள் கேட்கலாம். இதற்குப் புதிய செலவு எதுவும் இல்லை, ஒரு பந்தியைச் சேர்த்தால் போதும்.

சாச்சி குடும்பம் கடைசியில் வெல்லம்பிட்டியில் 14,000 ரூபாவுக்கு ஒரு வீடு எடுத்தது. மழைக்குத் தண்ணீர் வரும் வீடு, எழுத்தும் இல்லை. மூன்று வருடம் கழித்துத் தொடர்மாடி வீடு கிடைத்தது. பேரனுக்கு முதலாம் தரம் வந்தபோது இரண்டு முகவரியிலும் ஐந்து வருடம் நிறையவில்லை. வெல்லம்பிட்டிப் பக்கம் இடமிருந்த ஒரு பாடசாலையில்தான் சேர்க்க முடிந்தது. வீட்டின் ஜன்னலைத் திறந்தால் கொழும்புப் பாடசாலை ஒன்றின் மைதானம் தெரியும். அவன் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஏறுகிறான்.