இரண்டு பிணைப்புகளின் சரித்திரம்

வேதியியல் பாடப்புத்தகத்தில் ஒரு அட்டவணை உண்டு. அணு பெரிதாகப் பெரிதாகப் பிணைப்பின் நீளம் கூடும். நீளம் கூடக் கூட, பெரும்பாலும், பலம் குறையும். கார்பனும் கார்பனும் சேர்ந்தால் 1.54 ஆங்ஸ்ட்ராம். அதே குடும்பத்தில் சிலிக்கன், ஜெர்மேனியம், வெள்ளீயம் என்று கீழே இறங்கிக் காரீயத்துக்கு வந்தால், கார்பனோடு அதன் பிணைப்பு சுமார் 2.2. காரீயத்தின் வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் பரந்து கிடக்கின்றன. கார்பனின் சின்ன ஆர்பிட்டாலோடு அவை சரியாகப் பொருந்துவதில்லை. பரீட்சைக்கு இது போதும். இந்த அட்டவணை தெருவுக்கு வந்த கதையைப் பாடம் சொல்வதில்லை.

1921 டிசம்பர், அமெரிக்காவின் டேட்டன் நகரம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, கார் எஞ்சினின் ‘தட்டலை’ நிறுத்தும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது டெட்ரா எத்தில் லெட்: ஒரு காரீய அணு, நான்கு எத்தில் தொகுதிகள். எஞ்சின் சூட்டில் அந்த நீளமான பிணைப்புகள் முறிந்துவிடும். வெளிவரும் காரீயம் நுண்ணிய ஆக்ஸைடு துகளாகி, பெட்ரோல் முந்திக்கொண்டு எரிவதைத் தடுக்கும். பிணைப்பு கெட்டியாக இருந்திருந்தால் இது எதற்கும் உதவாது. பலவீனம்தான் இங்கே சரக்கு.

1923இல் விற்பனைக்கு வந்தபோது வைத்த பெயர் ‘எத்தில்’. காரீயம் என்ற சொல்லைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இது தற்செயலல்ல. இந்தத் திரவம் கொழுப்பில் கரையும். தோல் வழியாகவே உள்ளே போய் மூளையைத் தொடும். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, ஐந்து பேர் செத்தார்கள். அந்த மாதமே மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அதே திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருஷம்தான் அவரே காரீய நஞ்சுக்கு ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். 1925இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் எதிர்த்துப் பேசினார். கம்பெனித் தரப்போ இதைக் கடவுளின் கொடை என்றது. கொடைதான் ஜெயித்தது.

1928இல் மிட்ஜ்லி அட்டவணையின் மறுமுனைக்கு வருகிறார். அன்றைய குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு போன்றவை ஓடின; கசிந்தால் உயிருக்கு ஆபத்து. எதனோடும் வினைபுரியாத வாயு வேண்டும். புளூரின் மிகச் சின்ன அணு. கார்பனோடு அதன் பிணைப்பு சுமார் 1.35 ஆங்ஸ்ட்ராம்தான். அளவு மட்டும் காரணமல்ல, எலெக்ட்ரானைத் தன்பக்கம் இழுக்கும் அதன் குணமும் சேர்ந்தே இந்தப் பலத்தைத் தருகிறது. குளோரோ புளூரோ கார்பன் இப்படித்தான் பிறந்தது. 1930இல் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். மறுபடியும் அதே வித்தை.

ஆனால் அதே மூலக்கூறில் குளோரினும் இருக்கிறது. அது பெரிய அணு. கார்பனோடு அதன் பிணைப்பு சுமார் 1.75; பலமும் குறைவு. தரையில் விழும் வெளிச்சம் அதை முறிக்காது. அடுக்கு மண்டலத்தின் புறஊதாக் கதிர் முறித்துவிடும். அப்படி வெளியேறும் ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். உற்பத்தியாளர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 1985இல் அண்டார்டிகா வானத்தில் ஓட்டை தெரிந்தது. 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம்.

அறிவியல் நடுநிலையானது என்பவர்களுக்கும், அறிவியலே வன்முறைதான் என்று ஒரே போடாகப் போடும் நம்மவர்களுக்கும் இந்தச் சரித்திரம் ஒத்துவராது. பிணைப்பு எத்தனை ஆற்றலில் முறியும் என்று அட்டவணை சொல்லும். எங்கே முறியும், யார் உடம்பில் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானித்தது மூலதனம். ஆனால் குளோரின் பிணைப்பு எந்தக் கதிரில் முறியும் என்று பார்க்க மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் அதே வேதியியல்தான் தேவைப்பட்டது. இதை விட்டுக்கொடுத்துவிட்டு நாம் எதைவைத்து வாதாடுவோம்?

அல்ஜீரியாவில் காரீயப் பெட்ரோல் விற்பனை நின்றது 2021இல். சாலை வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடு அதுதான். புளூரினின் குட்டைப் பிணைப்போ இன்று வேறு சேர்மங்களின் வடிவில் குடிதண்ணீரிலும் மனித ரத்தத்திலும் சிதையாமல் கிடக்கிறது. இந்தத் தடவையும் யாராவது குடித்துக் காட்டினால் நாம் கைதட்டப்போகிறோமா, அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கப்போகிறோமா?