ஒரே மைக், ஒரு ஏணி

அம்மாவுக்கு வானொலியில் பேச்சு ஆகாது. சுங்கை சிப்புட் வீட்டில் காலை ஆறு மணிக்கே சமையலறையில் வானொலி ஓட ஆரம்பித்துவிடும். பக்திப் பாடல் முடிந்து அறிவிப்பாளர் வாயைத் திறந்தால் போதும், "பாட்டப் போடுவான்னு பார்த்தா பேசிக்கிட்டே இருக்கான்" என்று சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் அப்படியே எதிர்ப்பக்கம். பாட்டை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரு மனிதக் குரல் பொறுமையாக எதையாவது சொல்வதைக் கேட்கத்தான் எனக்கு வானொலி.

போன வருடம் கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் ஊருக்குப் போகும்போது, கைப்பேசியில் 'தி ஆப்பிள் சீட்' என்றொரு கதைசொல்லும் நிகழ்ச்சி அகப்பட்டது. ஈப்போ வரும்வரை நிறுத்தாமல் கேட்டேன். பிறகுதான் அது பி.ஒய்.யு. ரேடியோவின் நிகழ்ச்சி என்று தெரிந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரில் இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் வானொலி அது. பல்கலைக்கழகத்தை நடத்துவது பொதுவாக மார்மன் சபை என்று அறியப்படும் கிறிஸ்துவச் சபை. அத்தனை நேரம் கேட்டும் யாரும் என்னை எந்தச் சபையிலும் சேரச் சொல்லவில்லை. அந்த ஆச்சரியத்தில்தான் இதன் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

இந்தச் சபையினர் 1847இல் யூட்டாவுக்கு வந்து குடியேறியவர்கள். 1875இல் தொடங்கிய அவர்களுடைய பள்ளிதான் பின்னாளில் பல்கலைக்கழகமானது. வானொலி வந்தபோதும் அவர்கள் தயங்கவில்லை. 1922 மே 6 அன்று சால்ட் லேக் சிட்டியில், சபையின் செய்தித்தாளான டெசரெட் நியூஸ் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து முதல் ஒலிபரப்பு நடந்தது. சபைத் தலைவர் ஹீபர் கிராண்ட் அதில் பேசினார், வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். அதாவது, முதலில் வந்தது பேச்சு.

ஏழு வருடம் கழித்து பாட்டு வந்தது. 1929 ஜூலை 15 அன்று சபையின் டாபர்நகிள் பாடகர் குழுவின் நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிபரப்பானது. அன்று அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மைக். அதைப் பாடகர்களுக்காக உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அறிவிப்பாளர் டெட் கிம்பலுக்கு வயது பத்தொன்பது. அவர் உயரமான ஏணி ஒன்றில் ஏறி, ஒவ்வொரு பாடலையும் மைக் அருகே அறிவித்துவிட்டு, குழு பாடி முடிக்கும்வரை ஏணியிலேயே வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்த நிகழ்ச்சி இன்றும் வாராவாரம் வருகிறது. அதன் பெயர் 'மியூசிக் அண்ட் தி ஸ்போக்கன் வேர்ட்', இசையும் பேச்சும். 1930இலிருந்து 1971இல் இறக்கும்வரை ரிச்சர்ட் எவன்ஸ் அதில் பேசினார். வெறும் அறிவிப்பாக இருந்ததை அவர்தான் சில நிமிடச் சிந்தனை உரையாக வளர்த்தெடுத்தார். ஆனாலும் பேச்சு பாட்டுக்கு நடுவில் வந்து போகிற விருந்தாளியாகவே இருந்தது.

பல்கலைக்கழகத்தில் பாட்டுக்கும் பேச்சுக்கும் தனித்தனி வீடு கிடைத்தது. 1960இல் தொடங்கிய அதன் பண்பலை நிலையம் 89.1இல் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் பேர்போனது. 'கிளாசிக்கல் 89' என்றுதான் ஊரில் அழைத்தார்கள். 2002இல் செயற்கைக்கோள் வழியாக பி.ஒய்.யு. ரேடியோ வந்தது. பிற்காலத்தில் அது பேச்சு வானொலியாக வளர்ந்தது. நேர்காணல், கதை, விளையாட்டு வர்ணனை, பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஆன்மீக உரைகள் என்று எல்லாம் உண்டு.

சிக்கல் 2017 அக்டோபரில் வந்தது. ஒளிபரப்பு, ஒலிபரப்பு அனைத்தையும் சுருக்கி, தொலைக்காட்சிக்கு ஒன்று, வானொலிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளப் போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 89.1இல் இனி செவ்வியல் இசை இருக்காது, பேச்சு வானொலிதான்.

நிர்வாகத்தின் பக்கம் நின்று யோசித்தால் எனக்குப் புரிகிறது. பாக்கின் இசையை எந்த நிலையமும் போடலாம். ஒரு மதப் பல்கலைக்கழகம் மட்டுமே சொல்லக்கூடியது என்று சில உண்டு, அதைச் சொல்லப் பேச்சு வேண்டும். சொந்த அலைவரிசையைச் சொந்தக் குரலுக்குக் கொடுப்பதில் என்ன தவறு? பேருந்தில் அந்தப் பேச்சைக் கேட்டு மயங்கிய நான் இதைத் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் நேயர்கள் விடவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. 2018இல் பல்கலைக்கழகம் இறங்கி வந்து வேறொரு வழி கண்டது. 107.9 அலைவரிசையில் இருந்த நிலையம் ஒன்றை வாங்கி, பேச்சை அங்கே குடிவைத்தது. 89.1இல் இசை தொடர்ந்தது. தொலைக்காட்சியில் மட்டும் சொன்னதைச் செய்தார்கள். பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். நிகழ்ச்சிகள் அந்த வருடமே அவர்களின் நிலையத்திலிருந்து போய்விட்டன.

இங்கேதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. பேச்சு எவ்வளவு இதமாக இருந்தாலும் கேட்பவரை ஒரு பக்கமாக நிற்க வைக்கிறது. சொல்வதை ஏற்கிறாயா இல்லையா என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். சபையின் ஆட்கள் நிறைந்த ஒரு மாநிலத்தில், சபையைச் சேராதவரும் கேள்வி எதுவும் இல்லாமல் வந்து உட்காரக்கூடிய இடமாக அந்த இசை இருந்திருக்கும். அந்த இடத்தைக் கட்டியதும் மதப் பல்கலைக்கழகம்தான். தன்னுடைய நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே ஊருக்கு அது செய்த பெரிய காரியம் அது என்று நினைக்கிறேன். அதைக் கிட்டத்தட்டக் கைவிடும் இடம்வரை அவர்கள் போய்விட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் அதன் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மாவுக்குக் கைப்பேசியில் அந்தப் பாடகர் குழுவின் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் புரியாது. ஆனாலும் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆர்கன் சத்தம் ஓய்ந்து, ஒருவர் பேச ஆரம்பித்தார்.

"என்னடா, விளம்பரமா?"

"இல்லம்மா, நல்ல வார்த்தை சொல்றாரு."

"சரி சரி. திரும்பப் பாடுவாங்கல்ல?"

பாடுவார்கள் என்றேன். சத்தத்தைக் குறைக்காமல் காத்திருந்தார்.